அகராதியில் ஓர் அநீதி

கேளம்பாக்கம் கூட்டுச்சாலையைத் தோழர்கள் அறிவர். சென்னைக்கும் திருப்போரூருக்கும் இடையே ஓடும் பழைய மாமல்லபுரம் சாலையை வண்டலூர் வழியும் கோவளம் வழியும் வந்து தொடுகின்ற இடம் அது. கிழக்கே சிறிது தூரம் நடந்தால் உப்பளப் பாத்திகள். வடக்கே சிறிது தூரம் போனால் சிறுசேரியின் கண்ணாடி மாளிகைகள். உப்பு வாரும் தொழிலாளியும் கணிப்பொறித் தொழிலாளியும் அங்கே ஒரே கடையில் தேநீர் அருந்துவதைக் காணலாம். ஒரே கூலி பெற்று அருந்துகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

சென்ற மாதம் கிளைக் கூட்டம் முடிந்து அந்தக் கடையில் அமர்ந்திருந்தேன். உப்பளத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்துக் காலில் வெடிப்பும் கண்ணில் கூச்சமும் சம்பாதித்த தோழர் ஒருவர், தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் பட்டதாரி. வங்கித் தேர்வுக்குப் பயிற்சி பெறுகிறவள். கையில் பயிற்சி நிலையம் அச்சிட்டுக் கொடுத்த ஆங்கிலப் பாடப் புத்தகம். பத்துச் சொற்களுக்குப் பொருள் கொடுத்து, "சரியான முறையில் பயன்படுத்தி வாக்கியம் அமைக்க" என்று கட்டளையிட்டிருந்தார்கள். ஒன்பது சொற்களுக்கு அழகான கையெழுத்தில் வாக்கியங்கள் எழுதியிருந்தாள். ஒன்று மட்டும் வெற்றிடமாக இருந்தது. அந்தச் சொல் "பரையா". அதற்கு எதிரே அச்சிட்டிருந்த பொருள்: இழிந்தவன், சமூகத்தால் வெறுத்து ஒதுக்கப்பட்டவன்.

"தோழர், இதுக்கு என்ன வாக்கியம் எழுதறதுன்னு கேக்குது பொண்ணு" என்றார் தகப்பனார்.

அவளோ என்னைப் பார்த்து, "மாமா, தப்பா எழுதினா எனக்கு மார்க் போகும். சரியா எழுதினா எங்க தாத்தாவை நானே திட்டின மாதிரி ஆகும்" என்றாள்.

நாற்பது ஆண்டுகளாக மேடையில் பேசி வருகிறேன். மறுமொழி கூற இயலாமல் தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு வாயடைத்து நின்ற வேளைகள் சிலவே. அது அவற்றில் ஒன்று.

விலைவாசி ஏறுகிறது, வேலை இல்லை, வேளாண்மை நசிகிறது. இவ்வளவும் இருக்க ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு ஓர் ஆங்கிலச் சொல்தானா கிடைத்தது என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். கேட்கட்டும். இறுதிவரை படித்துவிட்டுக் கேட்கட்டும்.

அந்தச் சொல் எங்கிருந்து போனது? இங்கிருந்து போனது. ஆங்கிலேயன் நம்மிடமிருந்து மிளகைக் கொண்டு போனான், நெசவைக் கொண்டு போனான். சில சொற்களையும் கொண்டு போனான். கட்டுமரம் போயிற்று, மிளகுத்தண்ணீர் போயிற்று, கறி போயிற்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பறையர் என்னும் பெயரும் கப்பலேறியது. வல்லின றகரம் அவன் நாவில் ஏறாமல் இடையின ரகரமாக இளைத்தது. எழுத்து இளைத்ததே ஒழிய இழிவு இளைக்கவில்லை. கடல் கடந்ததும் அது கொழுத்தது. முதலில் ஒரு மக்கட் பிரிவின் பெயராக இருந்தது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் யாரை வேண்டுமானாலும் ஏசுவதற்குரிய பொதுச்சொல்லாகிவிட்டது. தெருவில் திரியும் நாய்க்கும் வானத்தில் வட்டமிடும் பருந்துக்கும் அதை அடைமொழியாக்கினார்கள்.

சரியான பொருள் என்ன என்று கேட்கிறார்கள் அல்லவா? யூல், பர்னல் என்னும் இரு வெள்ளையர் தொகுத்து 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியே சரியான பொருளைச் சொல்கிறது. பறை அறைபவன் என்பதுதான் சொல்லின் நேர்ப்பொருள். சாதியற்றவன், சாதியிலிருந்து தள்ளப்பட்டவன் என்னும் பொருளில் ஐரோப்பியர் வழங்குவது பிழை என்பது அந்த அகராதியின் குறிப்பு. அவருக்கும் முன்பே கால்டுவெல் இதை எடுத்துரைத்தார். ஆக, அவர்களுடைய அறிஞர்களே தவறு என்று தீர்ப்பளித்து நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. நம் பயிற்சி நிலையத்துக் கனவான்கள் அந்தத் தவறுக்குத்தான் மதிப்பெண் வழங்குகிறார்கள்!

தமிழில் அச்சொல்லின் நிலை என்ன? பறை என்றால் முரசு மட்டுமன்று. சொல்லுதல் என்றும் பொருள். பறைதல் என்னும் வினை இன்றும் மலையாளத்தில் அன்றாடப் பேச்சு. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் புள்ளையும் சொல்லி, பறையையும் சேர்த்துச் சொல்கிறார். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், குடி என்று சொல்லத்தக்க நான்கில் ஒன்றாகப் பறையனை வைக்கிறார். மார்கழி விடியலில் ஆண்டாள் நோன்புக்காகக் கண்ணனிடம் கேட்பது பொன்னையா, மணியையா? பறையைத்தான் கேட்கிறாள். கோயிலில் அதைப் பாடிவிட்டு, வெளியே வந்து பறையடிப்பவனைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்களுடைய பக்தியை என்ன பெயரிட்டு அழைப்பது? இதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கக்கூடும். பயிற்சி நிலையத்தார் அதைப் பாடமாக வைத்தால் நன்று.

இனி வழக்குக்கு வருவோம். வெறும் பழஞ்செய்தியாக இருந்திருந்தால் இவ்வளவு மை செலவிட வேண்டியதில்லை. ஆங்கில நாளேடு ஒன்றைப் புரட்டுங்கள். எந்த நாட்டின் மேலேனும் வல்லரசுகளுக்குக் கோபம் வந்துவிட்டால், "பரையா நாடு" என்று கொட்டை எழுத்தில் வரும். 2018 அக்டோபரில் இஸ்தான்புல் நகரத்துச் சவூதி துணைத் தூதரகத்துக்குள் ஜமால் கசோகி என்னும் பத்திரிகையாளர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு நவம்பரில், அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு நிற்க முனைந்த ஜோ பைடன், விவாத மேடையில், சவூதி அரேபியாவைப் பரையாவாக்கிக் காட்டுவோம் என்று முழங்கினார். 2022 ஜூலையில், ஜனாதிபதியாகவே ஜித்தாவுக்குப் போய்ப் பட்டத்து இளவரசரைச் சந்தித்தார். எண்ணெய் விலை அவரை அங்கே இழுத்துச் சென்றது என்று உலகமே பேசிற்று. அது வேறு கதை. நமக்கு வேண்டியது அந்தச் சொல். கொலைக்குக் காரணமென்று குற்றஞ்சாட்டப்பட்ட அரண்மனைக்கு, செங்கற்பட்டு ஜில்லாவில் ஏர் பிடித்தவனுடைய பெயரா?

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 முதல் 1994 வரை நிறவெறியைச் சட்டமாக்கி ஆண்ட பிரிட்டோரியா அரசாங்கத்தை உலகம் விலக்கி வைத்தது. சரியான செயல். அந்த அரசாங்கத்துக்கு ஏடுகள் சூட்டிய பெயர் என்ன? பரையா அரசு! சிந்தித்துப் பாருங்கள் தோழர்களே. ஊருக்கு வெளியே சேரி, தனிக்கிணறு, தனிச்சுடுகாடு, மேல்துண்டைக் கக்கத்தில் வைத்து நிற்க வேண்டிய மரியாதை. இத்தனையையும் அனுபவித்தவனுக்கு அந்நாட்டில் ஈடானவன் யார்? சுவேட்டோவில் அடைக்கப்பட்ட கறுப்புத் தொழிலாளி. பிரிட்டோரியாவுக்கு ஈடானது எது? ஊர்த்தெரு. உலகத்து ஆங்கிலமோ ஊர்த்தெருவின் குற்றத்தைச் சேரியின் பெயரால் ஏசியது.

நானும் அந்தக் குற்றத்தில் பங்காளி. நிறவெறி எதிர்ப்புக் கூட்டமொன்றில், ஆங்கில ஏட்டில் படித்த அந்தச் சொற்றொடரை அப்படியே எடுத்து மேடையில் முழங்கினேன். கைதட்டல் பலமாகவே வந்தது. கீழே அமர்ந்திருந்தவர்களில் யார் தட்டவில்லை என்று அன்று நான் கவனிக்கவில்லை.

அச்சொல்லின் இலக்கணத்தைப் பாருங்கள். "ஒதுக்கப்பட்டவன்" என்கிறது அகராதி. செயப்பாட்டு வினை. ஒதுக்கியவன் யார்? அவனுக்கு அகராதியில் இடமில்லை. அடித்தவனைக் காணோம், அடிபட்டவன் மட்டும் நிற்கிறான்; நின்றவனுடைய பெயரே வசையாகவும் ஆகிவிட்டது. திருட்டுக் கொடுத்தவனுடைய பெயரைத் திருடனுக்கு இட்டு வழங்குகிற மொழி எங்கேனும் உண்டா? இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை உண்டு.

இன்னொன்றையும் கேளுங்கள். ஆங்கிலம் நம் சாதி அடுக்கிலிருந்து ஒரு பெயரை மட்டும் எடுக்கவில்லை. 1860ஆம் ஆண்டில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர், தம் ஊர்ப்பக்கத்துக் கற்றறிந்த பழங்குடும்பங்களைப் புகழ்வதற்கு ஒரு பெயர் தேடினார். கிடைத்தது "பிராமணர்". அன்று முதல் இன்றுவரை "பாஸ்டன் பிராமணர்" என்றால் குலமும் கல்வியும் செல்வமும் உடையவர் என்று பொருள். பண்டிதர் என்னும் சொல் போய், தொலைக்காட்சியில் கருத்துரைக்கும் மேதாவிக்குப் பட்டமாயிற்று. ஒரே ஏணியின் மேற்படிப் பெயர் அவர்களுக்குப் புகழுரை. கீழ்ப்படிப் பெயர் இகழுரை. நம் ஜில்லாவின் மிராசு முறையும் வெள்ளையனுடைய வருவாய்த்துறைக் கோப்புகளில் மிராசு என்றே ஏறியது. ஆயினும் கொடுமை செய்யும் அரசை "மிராசுதார் அரசு" என்று லண்டனிலோ நியூயார்க்கிலோ எவரும் ஏசியதாகக் கேள்விப்பட்டதில்லை. நம் நிலவுடைமையாளர் பெற்ற பேறுகளில் இதையும் சேர்க்க வேண்டும்.

செங்கற்பட்டைத் தொட்டுவிட்டோம். இங்கே சிறிது நிற்க வேண்டும். அந்த ஆங்கிலச் சொல், வசையாக இல்லாமல், வயலைக் குறித்து எழுதப்பட்ட ஒரு காலமும் இதே ஜில்லாவில் உண்டு.

1891ஆம் ஆண்டு. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் சர்க்காருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். "செங்கற்பட்டுப் பறையர் பற்றிய குறிப்பு" என்பது அதன் தலைப்பு. அவர் கண்ட காட்சி என்ன? உழுகிறவனுக்கு நிலமில்லை. குடிசை போட்ட மண்ணும் மிராசுதாருடையது. கூலி போதாது என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். தரிசு நிலத்தைச் சர்க்காரிடம் கேட்டு மனுக் கொடுத்தாலும், மிராசு உரிமை குறுக்கே பாயும். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843இலேயே ஐந்தாவது சட்டம் வந்துவிட்டது. ஆயினும் கடனும் குடிசையும் சேர்ந்து அடிமை முறையைச் சட்டமில்லாமலேயே நடத்திக்கொண்டிருந்தன. செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷன் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ போன்றோரும் இதை எழுதி எழுதிச் சர்க்காரின் காதைத் துளைத்தனர்.

பலன், 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் வருவாய்த்துறை ஆணை. ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு அதனின்று வளர்ந்தது. வேறு வகுப்பார் அந்நிலத்தை விலைக்கு வாங்கக் கூடாது என்னும் நிபந்தனையும் அவ்வேற்பாட்டில் இருந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதுவே. வெள்ளைச் சர்க்காருக்கு நாம் நன்றிப் பா பாட வேண்டியதில்லை. மிராசுதாருடைய கிஸ்தியில் கொழுத்த சர்க்கார், எழுபது எண்பது ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்தது. அதற்கும் "பறையர் பிரச்னை" என்றே பெயரிட்டது. ரூபா விஸ்வநாத் என்னும் ஆராய்ச்சியாளர் 2014இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு அதையே தலைப்பாக்கியிருக்கிறார். பிரச்னை பறையரிடமா இருந்தது? அவர்களை மண்ணோடு கட்டி வைத்தவர்களிடம் இருந்தது. அன்றே "மிராசுதார் பிரச்னை" என்று கோப்புக்குப் பெயரிட்டிருந்தால், நிலக் கணக்கின் வரலாறே வேறாகியிருக்கும்.

அந்த நிலங்கள் எங்கே? கடனுக்குப் போனவை, கைநாட்டில் போனவை, பட்டா மாற்றத்தில் போனவை எனப் பல வழிகளில் போயின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டு மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் போலீசார் சுட்டனர்; இருவர் மாண்டனர். கடற்கரையோரச் சாலைகளில் மனைவிலை ஏறிய ஏற்றத்தைத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. விலை ஏறிய நிலத்தின் பழைய பதிவேட்டில் அந்தப் பெயர் இருந்தது. இன்று அந்தப் பெயர் பதிவேட்டில் இல்லை. அதே சாலையோரத்துப் பயிற்சி நிலையத்தின் வசைப் பட்டியலில் இருக்கிறது.

"தன் வரலாற்றை மறந்துவிட்ட சொல் இது. லண்டனில் அதைச் சொல்பவன் உங்கள் சேரியை நினைத்தா சொல்கிறான்?" என்று மெத்தப் படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். லண்டன்காரன் நினைக்காமல் இருக்கலாம். சென்னையில் உட்கார்ந்து தலையங்கம் தீட்டுகிறவருக்கும் தெரியாதா? ஒரு சிறு சோதனை வைக்கிறேன். அந்த ஆங்கிலத் தலைப்பை அப்படியே தமிழாக்கி, கேளம்பாக்கம் கூட்டுச்சாலையில் நின்று உரக்கப் படியுங்கள். படிக்க மாட்டீர்கள். நா எழாது. பட்டியல் வகுப்பார் ஒருவரைப் பொது இடத்தில் சாதிப்பெயர் சொல்லி ஏசினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் உங்களுக்கு நினைவு வரும். தமிழில் சொல்ல அஞ்சுவதை ஆங்கிலத்தில் அச்சிடத் துணிவது எப்படி? படிக்கிறவர் வட்டத்தில் சேரிக்காரன் இல்லை என்னும் துணிவுதான். அந்தத் துணிவுக்கு இனி இடமில்லை ஐயா. உப்பளத் தொழிலாளியின் மகள் உங்கள் ஏட்டைப் படிக்கிறாள்.

இன்னொரு சாரார் நம் பக்கத்தவர்களே. அவர்களுக்குச் சற்று மரியாதையாகவே விடை சொல்ல வேண்டும். "ஒடுக்கப்பட்டோர் அந்தப் பெயரைப் பெருமையாக ஏந்தியதும் உண்டே" என்கிறார்கள். உண்டு. பிரான்சில் உழைக்கும் பெண்களுக்காகப் போராடிய ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் வெளியிட்ட தம் பயண நூலின் தலைப்பில் தம்மை ஒரு "பாரியா" என்றே குறித்தார். ஹோ சி மின், நுயென் ஐ குவோக் என்னும் பெயரோடு பாரிஸ் நகரில் வாழ்ந்தபோது, காலனி நாடுகளின் தோழர்களோடு சேர்ந்து நடத்திய ஏட்டின் பெயர் "லெ பாரியா". முதல் இதழ் 1922 ஏப்ரல் 1ஆம் நாள் வெளிவந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பு சென்னையில் நடந்தது என்ன? பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, சட்டமன்றத்தில் 1922 ஜனவரி 20ஆம் நாள் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களைச் சர்க்கார் ஏடுகளிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்பது தீர்மானம். மார்ச் 25ஆம் நாள் ஆணை பிறந்தது. பாரிசில் அடிமை நாட்டார் தம் கோபத்தைச் சொல்ல அந்தப் பெயரை அணிந்துகொண்ட அதே வேளையில், பெயருக்கு உரியவர்கள் அதைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். இரண்டும் போராட்டமே. ஹோ சி மின் அச்சொல்லைத் தம்மீதே ஏற்றுக்கொண்டார். அடுத்தவன்மீது காறி உமிழவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அவரைச் சாட்சிக்கு இழுப்பது தகாது.

நம் மண்ணிலேயே இந்த வாதம் ஒரு குடும்பத்துக்குள் நடந்தது. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ஏடு தொடங்கினார், பெயர் "பறையன்". எந்தப் பெயரைச் சொல்லி ஏசுகிறாயோ அந்தப் பெயராலேயே உன்னிடம் உரிமை கேட்பேன் என்பது அவர் நிலை. 1900 வரை அவ்வேடு நடந்தது. அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் அதை ஒப்பவில்லை. பகைவன் இட்ட பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று எதிர்த்தார். 1907இல் அவர் தொடங்கிய ஏட்டுக்கு "ஒரு பைசாத் தமிழன்" என்று பெயர் சூட்டினார். இருவரில் யார் சொன்னது சரி? எனக்குப் பண்டிதர் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் சீனிவாசனாரின் துணிவை எண்ணும்போது அந்தச் சாய்வு சற்றே நிமிர்ந்துவிடுகிறது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருக்குப் பக்கத்தில் அமர்ந்தவர் அவர். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவரும் அவரே. இன்று இளைஞர்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னே ஆடி வருகிறார்கள். அவர்கள் அவருடைய வழியினர். அந்தப் பெயரை ஏந்துவதா, எறிவதா என்று முடிவு செய்யும் உரிமை அந்த மக்களுக்கு உண்டு. பெயர் யாருடையதோ அவர்களுக்கே அது. தலையங்கம் எழுதுகிறவருக்கு இல்லை, எனக்கும் இல்லை.

இதைச் சொல்லும்போது நம் வீட்டுக் குப்பையையும் கூட்ட வேண்டும். ஆங்கில ஏட்டை ஏசுவது எளிது. 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில்தான் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. சாதிப் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். சௌந்தரபாண்டியனார் தலைமை தாங்கிய அம்மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெயரின் வால் அறுந்தது. இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு அறுந்ததில்லை என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம், தட்டிக்கொள்ளலாம். ஆனால் வாலை அறுத்த நாக்கு, வசையை அறுத்ததா? கோபம் வந்தால் நம் ஊர்ப்புறத்தில் எந்தப் பெயர் வாயில் வருகிறது? தேநீர்க் கடையில் வேடிக்கையாக, விளையாட்டு மைதானத்தில் சினமாக, வீட்டுக்குள் குழந்தையைக் கடிந்துகொள்ளும்போது பழக்கமாக என்று எத்தனை முறை வருகிறது? மேல்சாதிப் பட்டத்தைத் துறப்பது தியாகம் என்று மாலை போட்டுக் கொண்டாடினோம். கீழே தள்ளப்பட்டவன் பெயரை வசையாக்காமல் இருப்பது தியாகம்கூட இல்லை, மாலை கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, அதை மாநாட்டுத் தீர்மானத்தோடு விட்டுவிட்டோம்.

நம் ஏட்டிலும் வெளிநாட்டுச் செய்தி மொழிபெயர்க்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆங்கிலச் சொல் வந்தால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தடை விதிக்கப்பட்ட நாடு என்றால் தடை விதிக்கப்பட்ட நாடு. மற்ற நாடுகள் விலக்கி வைத்த அரசு என்றால், எவை விலக்கி வைத்தன, ஏன் விலக்கி வைத்தன என்று எழுதுங்கள். கொலை செய்தால் கொலைகார அரசு. தமிழில் வசைக்குப் பஞ்சமா என்ன? கொடுங்கோலன், கயவன், கொலைபாதகன் என்று செய்தவன் செய்கையைச் சொல்லும் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. பிறப்பைச் சொல்லி ஏசுகிற சொல் ஒன்றுகூட நமக்குத் தேவையில்லை.

"நிலத்தைக் கேட்பதை விட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே" என்று சொல்லப் போகிற தோழருக்கு: நிலத்தை விடச் சொன்னது யார்? காரணை மக்கள் நிலம் கேட்டபோது மனுவில் என்ன எழுதினார்கள்? 1892இல் இன்னாருக்கென்று ஒதுக்கிய நிலம் என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அந்த இன்னார் யார் என்பதை உலகம் ஒரு வசைச்சொல்லாக மட்டும் அறிந்திருந்தால், அந்த மனுவைப் படிக்கும் அதிகாரி எந்தக் கண்ணோடு படிப்பார்? ஆங்கிலம் படித்த அதிகாரி அவர். அவரும் எங்கோ ஒரு பயிற்சி நிலையத்தில் அந்தச் சொல்லுக்கு வாக்கியம் எழுதி மதிப்பெண் வாங்கி வந்தவர்தாம்.

அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்பதைக் கூறவில்லையே. எனக்குத் தெரிந்த டிரெமன்ஹீர் கதையைச் சொன்னேன், சீனிவாசனார் கதையைச் சொன்னேன். தேநீர் ஆறிப் போயிற்று. அவள் சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினாள். அதன் தமிழ் இது: "செங்கற்பட்டுக் கலெக்டர் 1891இல் பறையர்களைப் பற்றி எழுதினார், அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று எழுதுவதற்கு இன்னொரு கலெக்டர் வர வேண்டும்." தகப்பனார் அதைத் தமிழில் கேட்டுவிட்டு, "இலக்கணம் சரியா இருக்குதா தோழர்?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன்.

மறுவாரம் புத்தகம் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. அந்த வாக்கியத்துக்கு எதிரே சிவப்பு மையில், "சொல்லின் பொருளுக்குப் பொருந்தவில்லை" என்று எழுதியிருந்தார்கள். மதிப்பெண் சுழி.

கேளம்பாக்கம் கிளை, அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் குறிப்பையும் 1922ஆம் ஆண்டு ஆணையின் விவரத்தையும் இணைத்து, பயிற்சி நிலையத்துக்கும் ஆங்கில நாளேடுகளின் ஆசிரியர்களுக்கும் கடிதம் அனுப்ப முடிவு செய்திருக்கிறது. கடிதத்தை எழுதும் பொறுப்பு அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மற்றக் கிளைகளும் தத்தம் ஊரில் வழங்கும் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, கண்டதை அடுத்த மாதத்துக்குள் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி அனுப்பலாம்.